லைனோடைப் பாகங்கள்: தேய்ந்ததைப் பார்த்துச் செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வரி எழுத்தை உருகிய ஈயத்தில் ஒரே கட்டியாக வார்த்துத் தரும், இன்று முடங்கிக் கிடக்கும் பழைய லைனோடைப் அச்சுக்கோப்பு இயந்திரங்களைச் சரிசெய்து மறுபடியும் ஓட்டலாம் என்று உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தோம். அதில் ஒரே ஒரு வரிதான் கவலை தந்தது. உதிரிபாகம் கிடைக்காவிட்டால் பழைய பாகத்தை ஸ்கேன் செய்து 3டி பிரிண்டரிலோ சிஎன்சி கடைசலிலோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்த வரி. இதை நம்பி யாராவது இறங்கினால், ஓடாத இயந்திரம் ஓடாமலே இருக்கும் என்பதோடு முடியாது. நன்றாக இருக்கும் மேட்ரிக்ஸ்களும், அதாவது எழுத்துக் குழி உள்ள பித்தளை வார்ப்புத் துண்டுகளும், உடைந்துபோகும். அவற்றைப் புதிதாகச் செய்துதர இன்று ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பழைய பாகத்தை அளப்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடிய இயந்திரத்திலிருந்து கழற்றிய பாகம் அசல் அளவில் இருக்காது. மூன்று பழைய பாகங்களை மைக்ரோமீட்டரில் அளந்து சராசரி எடுப்பது பலரும் செய்யும் தவறு. தேய்மானம் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் போகும். தண்டு மெலியும், துளை பெரிதாகும், பல் குட்டையாகும். ஆகவே தண்டுக்கு, கிடைத்ததில் தடித்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். துளைக்கு, கிடைத்ததில் சிறியதை. அதைவிட நல்ல வழி, அதே பாகத்தில் உரசலே படாத இடத்தைத் தேடி அளப்பது. தண்டில் தாங்கிக்கு வெளியே நீளும் முனையும், ஆப்பு வடிவப் பாகத்தில் அதன் மேல் நகரும் உறை ஒருபோதும் தொடாத கோடியும் பெரும்பாலும் அசல் அளவைக் காட்டிக்கொடுக்கும். அளவை அங்குலத்தில் எழுதிப் பாருங்கள், வரைந்தவர் நினைத்த எண் தானாகத் தெரியும். 0.247 என்று வந்தால் அது கால் அங்குலம் தேய்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். 6.27 மில்லிமீட்டர் என்று எழுதி வைத்தால் அந்தத் தடயம் போய்விடும். திருகுகளுக்கும் இதே கதைதான். லைனோடைப்பின் மரைகள் மெட்ரிக் மரைகள் அல்ல. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று எம்6 திருகைப் போட்டு முறுக்கினால், வார்ப்பிரும்புச் சட்டத்தில் இருக்கும் மரை போய்விடும்.

அடுத்தது, ஒரு பாகம் தேய வேண்டியதா, தேயக்கூடாததா என்ற கேள்வி. லைனோடைப்பில் சில பாகங்களை வேண்டுமென்றே மெத்தென்று வைத்திருக்கிறார்கள். எழுத்துச் சாவியைத் தட்டியதும் மேலேயுள்ள மேகசின் என்ற பெட்டியிலிருந்து பித்தளை மேட்ரிக்ஸ் சரிந்து விழுகிறது. அதை வரிசையில் தள்ளி நிமிர்த்தி வைப்பது ஒரு சிறிய நட்சத்திரச் சக்கரம். அதை ஃபைபரில் செய்தார்கள். முனை தேய்ந்தால் மேட்ரிக்ஸ் நிமிராமல் சாயும், பின்னால் வருவது முன்னால் போய் உட்காரும், ‘மரம்’ என்று அடித்தது ‘ரமம்’ என்று வரும். இந்தத் தொல்லையை ஒழிக்கிறேன் என்று எஃகில் நட்சத்திரம் செய்து மாட்டுபவர்கள் உண்டு. நட்சத்திரம் தேயாது, உண்மை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மேட்ரிக்ஸும் அடி வாங்கும். சில ரூபாய்ப் பாகம் தேய்வதற்காகத்தான் அங்கே இருக்கிறது. இங்கே 3டி பிரிண்டர் உண்மையாகவே உதவும். நைலானிலோ பாலியூரித்தேனிலோ பத்து நட்சத்திரங்கள் எடுத்து டப்பாவில் போட்டுவைத்துக்கொண்டு, முனை மழுங்க மழுங்க மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டு கிளட்ச்சும் இந்த வகைதான். கப்பிக்குள் இருக்கும் தோல் பட்டைகள் உரசிப் பிடித்துத்தான் பிரதான கேம் தண்டு (மற்ற பாகங்களைத் தள்ளி நகர்த்தும் கோணல் சக்கரங்களான கேம்கள் பொருத்திய தண்டு) சுற்றுகிறது. அந்தத் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வரி வார்ந்து வெளியே வரும். எங்காவது ஏதாவது சிக்கிக்கொண்டால் தோல் வழுக்கிவிட வேண்டும். அதற்காகவே சுருள்வில்லின் அழுத்தத்தைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். தோலில் எண்ணெய் இறங்கி வழுக்கினால் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது புதுத் தோல் ஒட்ட வேண்டும். வில்லை இழுத்துவிட்டு இறுக்குவதோ, மோட்டார் வாகன பிரேக் லைனிங்கை வெட்டி ஒட்டுவதோ கூடாது. பிடிப்பு கூடினால் சிக்கல் வந்த இடத்தில் வழுக்காமல், அடுத்திருக்கும் வார்ப்பிரும்பு நெம்புகோலை முறித்துவிட்டுத்தான் இயந்திரம் நிற்கும்.

இனி, தேயவே கூடாத பாகம். இந்த இயந்திரத்தின் உயிரே ஸ்பேஸ்பேண்டில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. சொற்களுக்கு நடுவே விழும் இடைவெளித் துண்டு அது. நீண்ட எஃகு ஆப்பு ஒன்று, அதன் மேல் காடியில் வழுக்கிச் செல்லும் குட்டையான உறை ஒன்று, ஆக இரண்டே உறுப்புகள். வரி முழுதும் சேர்ந்ததும் கீழேயிருந்து ஒரு கட்டை எழும்பி எல்லா ஆப்புகளையும் மேலே தள்ளும். ஆப்பு ஏற ஏற இடைவெளி தடிக்கும், வரி இரண்டு தாடைகளுக்கும் நடுவே இறுகி நிறையும். ஒற்றை ஆப்பாக இருந்தால் அதன் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று சாய்வாக இருக்கும், அடுத்திருக்கும் எழுத்தும் சாயும். ஆப்பின் சரிவுக்கு எதிர்ச்சரிவாக உறையை வைத்ததால், எவ்வளவு தடித்தாலும் வெளிமுகங்கள் இணையாகவே நிற்கின்றன. இந்த இரட்டை ஆப்பு யோசனையில் முந்திக்கொண்டவர் ஷக்கர்ஸ் என்ற கண்டுபிடிப்பாளர். லைனோடைப்பைக் கண்டுபிடித்த ஓட்மார் மெர்கன்தாலர் தரப்பு அந்தக் காப்புரிமையை விலைகொடுத்துப் பெற வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு இதற்கு மாற்று இல்லை.

ஸ்பேஸ்பேண்டில் குறை எப்படித் தொடங்குகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வார்ப்பின்போதும் உருகிய ஈயம் உறையின் விளிம்பைத் தொடுகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று அங்கே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வரியில் அதன் மேல் இன்னொன்று. சில மணி நேரத்தில் சிறு மேடாகிவிடும். வரி இறுகும்போது அந்த மேடு பக்கத்து மேட்ரிக்ஸின் பக்கச் சுவரை அழுத்துகிறது. எழுத்துக் குழியைச் சுற்றியிருக்கும் அந்தச் சுவர் தாள்போல் மெல்லியது, அதுவும் பித்தளை. ஒருமுறை உள்ளே நசுங்கினால் நிமிர்த்த வழியில்லை. அதற்குப் பிறகு அந்த மேட்ரிக்ஸ் எந்த வரியில் போய் நின்றாலும் பக்கத்து எழுத்தோடு ஒட்டி நிற்காது. இடுக்கில் ஈயம் புகுந்து எழுத்துக்கு எழுத்து நடுவே மயிரிழைக் கோடாக அச்சாகும். பழைய செய்தித்தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் சொற்களுக்குள் நெட்டுக்குத்தாக மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியுமே, அவற்றில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. தாளில் தெரியும்போது காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கான காவல் மிக எளியது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா ஸ்பேஸ்பேண்டுகளையும் எடுத்து, மென்மையான பைன் பலகையில் உலர்ந்த கிராஃபைட் தூளைத் தூவி, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படுக்கவைத்துத் தட்டையாகத் தேய்க்க வேண்டும். ஆப்பை ஏற்றி இறக்கி, உறை தடையில்லாமல் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஈயம் கெட்டியாக ஒட்டியிருந்தாலும் கத்தியால் சுரண்டக் கூடாது, எமரித் தாள் படவே கூடாது. கீறல் விழுந்தால் அடுத்த ஈயம் அந்தக் கீறலில்தான் வேர் பிடிக்கும். எண்ணெயும் வேண்டாம்.

புதிதாக ஸ்பேஸ்பேண்ட் செய்பவர்கள் வெளிமுகத்தை வழவழப்பாக்குவதோடு நின்றுவிடாமல், வார்ப்பைத் தொடும் விளிம்பையும் அதே அளவு வழவழப்பாக்க வேண்டும். பழைய நகல்களில் கோட்டை விடும் இடம் அந்த விளிம்புதான். ஈயம் ஒட்டாமலிருக்கக் கடினக் குரோமியப் பூச்சு கொடுக்கலாமே என்று கேட்பார்கள். கொடுக்கலாம், கணக்கோடு கொடுக்க வேண்டும். ஒரு முகத்துக்கு 0.02 மில்லிமீட்டர் பூச்சு என்றால் ஒரு பேண்டின் இரு வெளிமுகத்திலும் சேர்ந்து 0.04. வரியில் எட்டுப் பேண்டுகள் இருந்தால் 0.32 மில்லிமீட்டர். முன்பு சரியாக உட்கார்ந்த வரி இப்போது இறுக்க வரியாகிவிடும். காடிக்குள்ளும் பூச்சு இறங்கினால் உறை பிடித்துக்கொள்ளும். எனவே பூச்சின் கனத்தை முதலிலேயே இரும்பில் கழித்து, காடியை மறைத்துவிட்டுத்தான் பூச்சுக்கு அனுப்ப வேண்டும். எல்லாப் பேண்டுகளையும் ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது. பழையதும் புதியதும் ஒரே வரியில் கலந்தால் சொல் இடைவெளி ஒழுங்காக வராது.

இறுக்க வரி என்பது ஏன் ஆபத்து என்று இங்கேயே சொல்லிவிடுகிறோம். வரியைச் சுமக்கும் முதல் எலிவேட்டர் தாடைகளுக்கு நடுவே முழுதாக இறங்க வேண்டும். அப்போதுதான் மேட்ரிக்ஸின் காதுகள் (ஓரத்தில் நீளும் சிறு முனைகள்) வரியை வார்க்கும் அச்சான மோல்டில் உள்ள பள்ளங்களுக்கு நேராக நிற்கும். வரி அளவை மிஞ்சி எலிவேட்டர் சற்று மேலேயே நின்றுவிட்டால், முன்னேறி வரும் மோல்டு அந்தக் காதுகளைச் சீவித் தள்ளிவிடும். இதைத் தடுக்கத்தான் வைஸ் ஆட்டோமேட்டிக் என்ற தடுப்புச் சாதனம். எலிவேட்டர் முழுதாக இறங்காவிட்டால் இயந்திரத்தையே அது நிறுத்திவிடும். அடிக்கடி நின்று தொந்தரவு செய்கிறதே என்று இதைக் கழற்றி வைப்பதும், கம்பியால் கட்டி வைப்பதும் பெரும் பிழை. இதன் முனை தேய்ந்திருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டிய பாகம் இதுதான். மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈயம் உருகும் பாத்திரமான ‘பாட்’ பக்கம் வந்தால் பொருள் தேர்வு முக்கியம். லைனோ உலோகத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் வெள்ளீயம், 11 முதல் 12 சதவீதம் ஆன்டிமனி, மீதி காரீயம். பாட்டின் வெப்பம் 280 முதல் 290 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். 3டி பிரிண்டரில் வழக்கமாக ஓடும் எந்த பிளாஸ்டிக்குக்கும் இங்கே வேலையில்லை. ஈயத்தை மோல்டுக்குள் அழுத்தித் தள்ளும் பிளஞ்சரை அலுமினியத்தில் கடைந்தால் இலேசாக இருக்கும், வேலையும் சுலபம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 260 டிகிரி ஏறும்போது வார்ப்பிரும்பு சுமார் 0.14 மில்லிமீட்டர் விரியும், அலுமினியம் சுமார் 0.30. குளிர்ந்திருக்கும்போது அழகாகப் பொருந்திய பிளஞ்சர் சூட்டில் தான் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் இறுகிவிடும். இறுகாமலிருக்க முன்கூட்டியே சிறிதாகக் கடைந்தாலும் அலுமினியம் ஈயத்தில் கலந்து கசடு கூட்டும். பித்தளையும் வேண்டாம், வெள்ளீயம் அதைக் கரைக்கும். துத்தநாகம் துளி கலந்தாலும் மொத்த உலோகமும் கெடும். கிணறு எந்த வார்ப்பிரும்போ பிளஞ்சரும் அதே வார்ப்பிரும்பாக இருப்பதுதான் பாதுகாப்பு.

கிணறு தேய்ந்திருந்தால் அந்தக் கிணற்றை அளந்து சற்றுப் பெரிய பிளஞ்சர் கடைய வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்த அளவைத்தான் பின்பற்ற வேண்டும். பிளஞ்சர் தளர்ந்திருந்தால் அழுத்தும்போது ஈயம் பக்கவாட்டில் மேலேறித் தப்பிவிடும், ஸ்லக் (வார்ந்து வரும் வரிக்கட்டி) உள்ளே பொந்தாக வரும், அச்சில் அழுத்தம் விழும்போது எழுத்து அமுங்கும். ஆனால் பொந்து ஸ்லக் என்றதும் பிளஞ்சரை மாற்ற ஓட வேண்டாம். முதலில் வாய்த்தட்டைப் பாருங்கள். ஈயம் பாயும் துளைகளுக்கு நடுவே காற்று வெளியேற மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை அடைத்துப்போனால் மோல்டுக்குள் இருக்கும் காற்று போக வழியின்றி ஸ்லக்கிலேயே தங்கிவிடும். பிளஞ்சரைத் தினமும் வெளியே எடுத்துத் துடைப்பதும், வெட்டுகளைத் திறந்து வைப்பதும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். துடைப்பது திறந்த வெளியில், மூக்கை மூடிக்கொண்டு. அந்தத் தூள் ஈயம்.

சாவிப் பலகையில் செய்யக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு, அது நல்ல திருத்தம். 90 சாவிகளுக்கும் கீழே ஒவ்வொரு சிறு கேம் இருக்கிறது. சாவியைத் தட்டினால் கேம் சுழன்றுகொண்டிருக்கும் ரப்பர் உருளை மேல் விழுந்து, உரசலால் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு மேட்ரிக்ஸை விடுவிக்கிறது. ரப்பர் வயதாகிக் கண்ணாடிபோல் பளபளத்தால் கேம் வழுக்கும், எழுத்து தாமதமாகவோ விழாமலோ போகும். கேம் அச்சில் அழுக்குச் சேர்ந்தால் அது உரிய இடத்தில் நிற்காமல் இரண்டாம் சுற்றும் சுற்றி ஒரே எழுத்து இரண்டு முறை விழும். பழைய உருளைகள் எண்ணெய் பட்டால் ஊதிவிடும் ரப்பர். இன்று எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் ஊற்றி, அதே வெளி விட்டத்துக்குச் சாணை பிடித்து வாங்கலாம். வெளி விட்டம் மாறினால் கேம் தொடும் ஆழம் மாறும், அதில் சமரசம் கூடாது. கடினத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். அதிகக் கடினமானால் கேமின் நுண்பற்கள் பிடிக்காது, மிக மெத்தென்றால் பள்ளம் விழும். மேல்தோலைச் சற்றுச் சொரசொரப்பாக விடச் சொல்ல வேண்டும். கேம் அச்சுக்குக் கடிகார எண்ணெய், ஊசி முனையில் ஒரு பொட்டு போதும்.

மேட்ரிக்ஸின் உச்சியில் இருக்கும் வி வடிவ வெட்டின் இரு பக்கமும் ஏழு ஏழு பற்களுக்கு இடம் உண்டு. எந்தெந்தப் பல் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மேட்ரிக்ஸ் பகிர்வுத் தண்டில் தொங்கிச் சென்று மேகசினில் தன் வீட்டுக்கு நேராக வரும்போது பிடி விட்டு விழுகிறது. இந்தப் பற்களையோ தண்டையோ அரத்தால் தொட வேண்டாம் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

தமிழுக்கு இந்த 90 என்ற எண் எவ்வளவு நெருக்கடி என்பதை உங்கள் கட்டுரை தொடவில்லை. மெய், அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வரிசைகளுக்கும் பதினெட்டுப் பதினெட்டாகத் தனி அச்சு வைத்தாலே 108 ஆகிவிடும். உயிர் 12, ஆய்தம், கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, எண்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். கொம்பு வைத்த பழைய ணை, லை, ளை, னை, சுழித்த ணா, றா, னா ஆகிய ஏழும் தனித்தனி அச்சுகள். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ஏழு அச்சுகள் மிச்சமாயின என்பது இயந்திரக் கோப்பைப் பொறுத்தவரை பெரிய விஷயம். அதே 1978 ஜூலையில்தான் நியூயார்க் டைம்ஸ் ஈய அச்சுக் கோப்பை நிறுத்தியது.

கட்டுரை லைனோடைப் 1886-ல் ஒரே மனிதர் மூளையில் முழுதாகப் பிறந்ததுபோல் எழுதியிருந்தது. 1886 ஜூலையில் நியூயார்க் டிரிப்யூனில் ஓடிய இயந்திரம் மேட்ரிக்ஸை ஊதுகாற்றால் தள்ளியது. அதை விட்டுவிட்டு எடையால் சரிந்து விழும் அமைப்புக்கு மாறியது 1890 வாக்கில். அதுவும் போதவில்லை. மேட்ரிக்ஸ் ஆயிரக்கணக்கில் வேண்டும், ஒவ்வொரு எழுத்துக்கும் குழியைப் பதிக்கும் எஃகுப் பஞ்ச் வேண்டும், கையால் செதுக்கினால் முடியாது. லின் பாய்ட் பென்டன் 1885-ல் காப்புரிமை பெற்ற பஞ்ச் செதுக்கும் இயந்திரம் கைக்கு வந்த பிறகுதான் ஒரே எழுத்துக்குப் பத்து மேட்ரிக்ஸும் ஒன்றுபோல் வந்தன. வரியாக அல்லாமல் எழுத்தெழுத்தாக வார்க்கும் மோனோடைப் இயந்திரத்திலும் இப்படியே. டால்பர்ட் லான்ஸ்டனின் கருத்தைத் தொழிற்சாலையில் செய்யத்தக்க இயந்திரமாக்கியது ஜான் செல்லர்ஸ் பாங்க்ராஃப்ட். அதன் இடைவெளி ஆப்புகள் இரண்டில் ஒன்று ஒரு படிக்கு 0.0075 அங்குலமும் மற்றது 0.0005 அங்குலமும் நகர்த்தும். அங்குலத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு பேசும் பாகத்தை ஸ்கேன் எடுத்து நகல் செய்ய முடியுமா என்று வாசகர்களே முடிவு செய்யலாம்.

புதுப் பாகம் மாட்டியதும் ஈயப் பாத்திரத்தைச் சூடேற்றிவிட வேண்டாம். பிளஞ்சரின் முளையை உருவி வைத்துவிட்டு, மோட்டாரை அணைத்து, கையால் கேம் தண்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கே கனக்கிறது என்று கை சொல்லும். பிறகு பழுதான, கழிக்க வேண்டிய மேட்ரிக்ஸ்களை மட்டும் கொண்டு ஒரு வரி சேர்த்து மறுபடியும் கையால். மூன்றாவதாக மோட்டாரில், ஈயம் இல்லாமல், இருபது வரியாவது. அதன் பிறகுதான் சூடு. புது ஈயக் கட்டியைப் பாத்திரத்தில் போடும் முன் அதில் ஈரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள், ஒரு சொட்டு நீர் போதும் ஈயம் தெறிக்க. கண்ணாடியும் கையுறையும் போட்டிருக்க வேண்டும். முதல் பத்து ஸ்லக்குகளை உடைத்து உள்ளே பொந்து இருக்கிறதா என்று பாருங்கள், எழுத்து உயரம் 0.918 அங்குலம் வருகிறதா என்று அளந்து எழுதி வையுங்கள்.

தாங்கள் மறுபடியும் இந்தப் பொருளைத் தொடும்போது, பாகத்தைச் செய்து மாட்டியவர்களிடம் வரைபடத்தையும் கேட்டு வாங்கி வெளியிட்டால் நல்லது. அந்த வரைபடத்தில் அளந்த அளவு, ஊகித்த அசல் அளவு, மாற்றிய அளவு ஆகிய மூன்றும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்தப் பொருளில் செய்தார்கள், எத்தனை ஆயிரம் வரி ஓடிய பிறகு மறுபடி அளந்தார்கள் என்பதும் வேண்டும்.

இப்படிக்கு,
அச்சு இயந்திரப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்